இரண்டு அங்குலம் லூஸ்

மே 28

அன்புள்ள ஆணிக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீ பதினேழு முறை போன் செய்திருக்கிறாய் என்று இன்று காலைதான் தெரிந்தது, அதுவும் முற்றத்தின் நடுவில் இருக்கும் கல் மேடைமேல் ஏறி நின்றபோது. இந்தக் கட்டடத்தின் சுவர் இரண்டடிக் கனம். உள்ளே சிக்னல் வராது. மேடைமேல் நின்று பேசினாலோ மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்கிறார்கள். அதோடு நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அதனால் எழுது.

வீடு கிடைத்துவிட்டது. வீடு என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஒரு காலத்தில் பெரிய மாளிகை ஒன்றின் குதிரை லாயமாக இருந்த கட்டடம். மாளிகை இப்போது ஏதோ அலுவலகம். லாயத்தை ஐந்தாகத் தடுத்து ஐந்து வீடாக்கி, தனியாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு நான்காம் எண். படுக்க இடம் உண்டு, தையல் மெஷினைப் போட ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சம் உண்டு. சமையல்கட்டு என்று கையைக் காட்டிய இடத்தில் முன்பு ஒரே ஒரு குதிரை நின்றிருக்கிறது. அதுவும் ஒல்லிக் குதிரையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பழங்கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவிலிருந்து, காதில் பென்சில் செருகிய ஓர் அம்மாள் வந்து விதிகளைப் படித்துக் காட்டினாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதுதான் முதல் விதி. கட்டடத்துக்குள் ஆணிக்கே தடை என்று கேட்டதும் உன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாள். குதிரைக்குத் தீவனம் போட்ட கல் தொட்டியை அசைக்கக் கூடாது. கயிறு கட்டிய இரும்பு வளையத்தைச் சுவரிலிருந்து கழற்றக் கூடாது. வாசலில் இருக்கும் அரைக்கதவை முழுக்கதவாக மாற்றக் கூடாது. அந்தக் கதவில் மேல் பாதி மட்டும் தனியாகத் திறக்கும். அதன் வழியே குதிரை தலையை நீட்டிப் பார்த்திருக்கும், இப்போது நான் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை இருபதாம் தேதி அந்த அம்மாள் மறுபடி வருவாள். அதற்குள் சமையல்கட்டு சமைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது குடியிருக்கும் வீடு என்ற கணக்கில் வராதாம், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். இந்த ஊர் தச்சர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஆணி அடிக்காமல் அலமாரியா என்று கேட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராக நடையைக் கட்டினார்கள்.

நீ கப்பலுக்குச் சமையலறை செய்கிறவன். ஆடுகிற இடத்திலேயே பாத்திரம் விழாமல் நிற்க வைக்கிறாய். ஆடாத இடத்தில் எனக்கு ஒன்று செய்து கொடு. அளவுகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ வர வேண்டாம். நான் கூப்பிடும்வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

அக்கா


ஜூன் 3

அக்கா,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதி மண்டையில் ஏறவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் குதிரை லாயத்தில் குடியேற வேண்டும் என்று என்ன தலையெழுத்து உனக்கு? உன் அறை இங்கே அப்படியே கிடக்கிறது. ஒரு பழைய பையைக்கூட யாரும் அதில் கொண்டுபோய் வைக்கவில்லை. பதினோரு வருஷம் இருந்த வீட்டை ஓர் உப்பு ஜாடிக்காக விட்டுப் போனவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் மனைவி ஜாடியை அடுப்புப் பக்கத்திலிருந்து மேல்தட்டுக்கு மாற்றினாள். அவ்வளவுதானே நடந்தது? எட்டவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு முக்காலி செய்து போட்டிருப்பேன்.

வேலைக்கு வருகிறேன். நான் செய்யும் கப்பல் சமையலறைகள் உன் குதிரை இடத்தைவிடச் சின்னவை. அதில் நின்று பன்னிரண்டு பேருக்குச் சமைக்கிறார்கள். அதனால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆணி இல்லாமல் நிற்க ஒரு வழிதான் உண்டு. கல் தொட்டிக்கும் உன் தாளில் இருக்கிற மரத் தூணுக்கும் நடுவில் அலமாரி இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு நூல் கூடினால் உள்ளே போகாது, ஒரு நூல் குறைந்தால் ஆடும். அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும்.

நீ அங்குலத்தில் எழுதியிருக்கிறாய். எங்கள் பட்டறையில் அங்குலம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். போகட்டும், நானே மாற்றிக்கொள்கிறேன். தரை மட்டமா? லாயத்துத் தரை மட்டமாக இருக்க வாய்ப்பில்லை. அகலத்தையும் வளையத்தின் உயரத்தையும் இன்னொரு முறை அளந்து பார். எழுது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதெல்லாம் தேவையே இல்லை. இங்கே ஒரு முழுச் சமையல்கட்டு இருக்கிறது.

ஆணி


ஜூன் 8

ஆணிக்கு,

ஆமாம், இருக்கிறது. யாருடையது?

உப்பு ஜாடிக்காக நான் வரவில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக வந்தேன். அது என்ன என்று நீயே யோசி. உன் மனைவியைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவள் ஜாடியை நகர்த்தினாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், இரண்டு நாளில் அது தானாக ஆறியிருக்கும். நீ நடுவில் புகுந்து நியாயம் பேசினாய் பார், அதுதான்.

தரை மட்டமில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய்? நேற்று வெங்காயம் நறுக்கும்போது ஒன்று கைதவறி விழுந்தது. நிதானமாக உருண்டு, கதவோரம் இருக்கும் சாக்கடைக் கால்வாயில் போய் உட்கார்ந்தது. எடுத்து வைத்தால் மறுபடி அங்கேயே போகிறது. குதிரை மூத்திரம் வடிய அந்தக் காலத்தில் சரிவு வைத்திருக்கிறார்கள், என் வெங்காயம் அதில் வடிகிறது. தொட்டிப் பக்கத்துக்கும் தூண் பக்கத்துக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்.

இப்போதைக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றை முக்காலிமேல் வைத்துச் சமைக்கிறேன். முக்காலியின் ஒரு காலுக்கடியில் அட்டை. பாத்திரம் கழுவக் கல் தொட்டிதான். அது குதிரையின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கழுவுகிறேன், தண்ணீர் முழங்கைவழியாக இறங்கி ரவிக்கைக்குள் போகிறது. தொட்டிக்கு முன்னால் நான் ஏறி நிற்க ஒரு பலகையும் சேர்த்துச் செய்.

அளவை மறுபடி எடுத்தேன். நான்கு முறை எடுத்தேன். தொட்டிக்கும் தூணுக்கும் நடுவில் நாற்பத்தெட்டு. தரையிலிருந்து வளையத்தின் அடிவரை முப்பத்தாறு. முப்பது வருஷம் அளவெடுத்துச் சோறு தின்றவள் நான். எனக்கு அளவு சொல்லித் தராதே.

அக்கா


ஜூன் 29

அக்கா,

அலமாரி லாரியில் வருகிறது. நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கிறேன். முதல் எண்ணை முதலில் வை. நீ மூன்றாவதை முதலில் வைத்துவிட்டு என்னைத் திட்டுவாய் என்று தெரியும், அதனால் ஒன்று என்பதைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன். கால்கள் நான்கும் நான்கு உயரம். சரிவுக்காக அப்படி. தவறு என்று நினைத்து எதையும் அறுத்துவிடாதே. நீ கேட்ட பலகை தனியாக இருக்கிறது.

அந்த வார்த்தையை யோசித்தேன். "சின்னப் பிள்ளைங்க மாதிரி சண்டை போடாதீங்க" என்று சொன்னேனே, அதுவா? அது இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னது. உன்னை மட்டும் சொல்லவில்லை. அதற்காகவா ஒருத்தி வீட்டைவிட்டுப் போவாள்?

இங்கே ஒரு கப்பலை அடுத்த மாதக் கடைசிக்குள் முடித்துத் தர வேண்டும். தலைக்குமேல் வேலை. இருந்தாலும் ஞாயிறுகளில் உட்கார்ந்து உன்னுடையதைத்தான் செய்தேன். நல்ல தேக்கு.

சரிவரவில்லை என்றால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. திரும்பி வந்துவிடு. பஸ்ஸுக்கு ஒன்பது மணி நேரம்தான்.

ஆணி


ஜூலை 5

ஆணி,

சரிவரவில்லை.

என்ன செய்து வைத்திருக்கிறாய்? சிவப்பு ஒன்றை முதலில் வைத்தேன். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. பக்கத்து வீட்டு மனிதரும் நானும் சேர்ந்து தூக்கினோம். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், பாவம், முதுகைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிமிரவில்லை. தொட்டிப் பக்கம் சரியாக உட்கார்ந்தது. தூண் பக்கம் போகவே மாட்டேன் என்றது. தள்ளினோம், இடித்தோம், திருப்பி நிறுத்தினோம். இரண்டு அங்குலம் அதிகம். சரி, கோணலாகவாவது நிற்கட்டும் என்று பார்த்தால் மேல் பலகை இரும்பு வளையத்தில் போய் முட்டுகிறது. உயரமும் ஒரு அங்குலம் அதிகம்.

இப்போது உன் நல்ல தேக்கு அலமாரி வீட்டுக்கு நடுவில் நிற்கிறது. நான் மெஷினிலிருந்து எழுந்து கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகிறேன். நேற்று அவசரத்தில் போய் இடுப்பில் இடித்துக் கன்றிப் போயிருக்கிறது. ஸ்டவ்வை வைக்க இடமில்லாமல் அரைக்கதவுக்கு வெளியே முற்றத்தில் வைத்து முட்டை பொரித்தேன். பென்சில் அம்மாள் எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தவள் நின்று பார்த்தாள். "சமையல்கட்டு உள்ள இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டு போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னும் பதினைந்து நாள். கப்பலுக்குச் சரியாகச் செய்கிறவனுக்குக் கூடப்பிறந்தவளுக்குச் செய்யும்போது மட்டும் கை எப்படித் தவறும்? அங்குலத்தை மாற்றும்போது தூங்கிவிட்டாயா?

உன் சின்னப் பிள்ளைங்க வார்த்தை இல்லை அது. இன்னும் யோசி.

அக்கா


ஜூலை 8

அக்கா,

என் கை தவறவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இந்தப் பட்டறையில் இருந்து ஒரு பலகை அளவு தப்பி வெளியே போனதில்லை. நீ நாற்பத்தெட்டு என்றாய். நாற்பத்தெட்டுக்கு அறுத்தேன். நீ முப்பத்தாறு என்றாய். முப்பத்தாறுக்கு அறுத்தேன். நம்பவில்லை என்றால் இதோ நீ முதல் கடிதத்தோடு அனுப்பிய அளவுத் தாள், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துதானே? நீயே பார்த்துக்கொள்.

இருபது வருஷமாக இழுத்து இழுத்து நைந்துபோன அந்தத் தையல் டேப்பைத் தூக்கிப் போடு. யாரிடமாவது இரும்பு டேப் வாங்கி அளந்து பார். பிறகு என்னைத் திட்டு.

இதற்குத்தான் சொன்னேன். தனியாக, பழங்கட்டடத்தில், தெரியாத ஊரில் இதெல்லாம் வேண்டாம் என்று. இருபதாம் தேதிக்குள் ஒன்றும் ஆகாது அக்கா. பெட்டியைக் கட்டு. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆணி


ஜூலை 12

ஆணிக்கு,

இரும்பு டேப் வாங்கினேன். பென்சில் அம்மாளிடமே வாங்கினேன், மானத்தைவிட்டு. அளந்தேன். நாற்பத்தாறு. வளையத்தின் அடிவரை முப்பத்தைந்து.

உடனே என் பழைய டேப்பாலும் அளந்தேன். அதிலும் நாற்பத்தாறு, முப்பத்தைந்து. டேப் நையவில்லை. அப்படியானால் தாளில் எப்படி நாற்பத்தெட்டு வந்தது? தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு புரிந்தது. புரிந்ததும் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

லூஸ் விட்டிருக்கிறேன்!

முப்பது வருஷமாக யாருடைய உடம்பை அளந்தாலும் அளந்ததை அப்படியே எழுதியதில்லை. அகலத்துக்கு இரண்டு சேர்ப்பேன், நீளத்துக்கு ஒன்று சேர்ப்பேன். மூச்சு விட வேண்டாமா, கையைத் தூக்க வேண்டாமா? நினைத்துச் செய்வதில்லை, டேப்பிலிருந்து தாளுக்குப் போவதற்குள் கையே சேர்த்துவிடும். குதிரை நின்ற இடத்தையும் ஒரு தடித்த ஆளாக நினைத்து அளந்திருக்கிறேன். நான்கு முறை அளந்து நான்கு முறையும் லூஸ் விட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது. உன்னைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு முன் உன் கடிதத்தோடு வந்த தாளை எடுத்தேன். ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஆணி, நீ பென்சிலை அழுத்திப் பிடிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் உன் நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் மூன்று பக்கத்துக்குத் தடம் விழும். நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி ரப்பரால் அழித்திருக்கிறாய். அழித்தாலும் பள்ளம் போகவில்லை. துணியில் தூசிபோல் அழிந்துபோன சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தே வெட்டுகிறவள் நான், எனக்கா தெரியாது? கழித்தல் குறி, இரண்டு. முப்பத்தாறுக்குப் பக்கத்தில் கழித்தல் குறி, ஒன்று.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? என் தையல் மேஜைக்கு நான் அளவு சொன்னபோது கேட்காமலே குறைத்துக்கொண்டு செய்தவன் நீ. ஜன்னல் கம்பிக்கும் அப்படித்தான். உன் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "அக்கா அளந்தா ரெண்டு பேர் போடலாம்"னு தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீதானே?

இந்த முறையும் எழுதியிருக்கிறாய். பிறகு அழித்திருக்கிறாய். ஏன் அழித்தாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


ஜூலை 15

அக்கா,

சுற்றி வளைக்கவில்லை.

உன் தாள் வந்த அன்றே பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் குறைத்து எழுதினேன். அப்புறம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது சரியாக உட்கார்ந்துவிட்டால் நீ திரும்பி வரமாட்டாய் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். நீ சொன்ன அளவுக்கே செய்ததால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். என் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியவில்லை. தாளை நானே உறையில் போட்டு அனுப்பினேன் பார், அந்த அறிவு யாருக்கும் வராது.

தப்பான அளவு என்று தெரிந்தே ஒரு பலகையை அறுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. அந்த மரத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, அதனால்தான் நல்ல தேக்காகப் போட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தை அவள் எடுத்துப் படித்துவிட்டாள். "அண்ணி அளவுல லூஸ் இருக்கும்னு எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டாள். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைப்பாள், போவாள். உப்பைக் கேட்டால் கையைக் காட்டுவாள். ஜாடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

நேற்று மட்டும் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை என்ன என்று அவளிடம் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "'அவ சமையல்கட்டு, அவ சொல்றபடி இருக்கட்டும்'னு சொன்னீங்களே. எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணி முகத்தைப் பார்த்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

நான் நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னேன் அக்கா. பதினோரு வருஷம் அதே அடுப்பில் சமைத்தவளிடம் அது உன்னுடையதில்லை என்று சொல்கிறேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. அதற்காக உன் வீட்டைக் கெடுக்கப் பார்த்தது அயோக்கியத்தனம்.

ரம்பத்தை எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கல் மேடைமேல் ஏறி ஒரு போன் செய். உடனே பஸ் ஏறுகிறேன். இரண்டு மணி நேர வேலை.

ஆணி


ஜூலை 21

ஆணிக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. கல் மேடைமேல் ஏறினேன். உன் எண்ணைத் தட்டினேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். கோபம் அப்போது இறங்கியிருக்கவில்லை. அதோடு, நீ வந்து அறுத்துச் சரிசெய்திருந்தால் இது நீ கொடுத்த சமையல்கட்டாக இருந்திருக்கும்.

நானே பிடித்துவிட்டேன். அதாவது லூஸான சட்டையைச் சுருக்கிப் பிடித்துத் தைப்பதுபோல. சின்னதாக வெட்டிய துணியோடு ஒன்றும் செய்ய முடியாது, பெரியதாக வெட்டியிருந்தால் எப்படியாவது வழி உண்டு. இது மட்டும்தான் எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம். நீ லூஸ் விட்டுத்தானே செய்திருக்கிறாய், என்ன பயம் என்று திருகாணிகளையெல்லாம் கழற்றிப் பலகைகளைத் தரையில் பரப்பினேன். சாக்கட்டியால் கோடு போட்டேன். தபால்காரர் எங்கிருந்தோ ஒரு ரம்பம் கொண்டுவந்தார். அவருக்கு முதுகு, எனக்குத் தோள். மேல் பலகை, அடிப்பலகை, நடுத் தட்டு, பின்பக்கம் எல்லாவற்றிலும் இரண்டு அங்குலம். நான்கு காலிலும் ஒரு அங்குலம். இரண்டு பகல் ஆனது. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் உனக்கு மாரடைப்பு வரும், எலி கடித்ததுபோல் இருக்கிறது.

உன் அலமாரிக் கதவுகள் இரண்டையும் மறுபடி மாட்ட முடியவில்லை. மாட்ட முடியாவிட்டால் என்ன, பச்சைத் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டேன். திரைக்குத் தாராளமாக லூஸ் விட்டேன். அங்கே விடத்தான் வேண்டும். கதவுப் பலகை இரண்டையும் கல் தொட்டிமேல் போட்டால் காய் நறுக்க அருமையான மேடை. நின்று நறுக்க நீ செய்த பலகை இருக்கிறது. அது மட்டும் அளவு சரியாக இருந்தது, ஏனென்றால் அதற்கு நான் அளவே கொடுக்கவில்லை.

அலமாரியைத் தொட்டிக்கும் தூணுக்கும் நடுவில் நிறுத்தித் தள்ளினோம். நடுவில் ஒருமுறை சிக்கியது. நான் இடுப்பால் ஒரு இடி இடித்தேன், கன்றிப்போன அதே இடுப்பால். டப்பென்று உட்கார்ந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. என் வெங்காயக் கூடையை அலமாரிமேல் வைத்து, அதன் பிடியை வளையத்தில் மாட்டினேன். அதைக் கழற்றக் கூடாது என்றுதானே விதி, மாட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

நேற்று பென்சில் அம்மாள் வந்தாள். சுவரையெல்லாம் தடவிப் பார்த்தாள். கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரையைத் தூக்கிப் பார்த்து எலி கடித்த விளிம்பையும் பார்த்தாள். "யார் செஞ்சது?" என்றாள். "பாதி என் தம்பி, பாதி நான்" என்றேன். "எது எது யாருதுன்னு கேக்காமலே தெரியுது" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். தாளில் சமையல்கட்டு என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே "உள்ளது" என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நகல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உப்பு அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஏன் அங்கே என்று யாரும் கேட்க முடியாது. இது என் சமையல்கட்டு, நான் சொல்கிறபடி இருக்கும்.

உன் மீது இன்னும் கோபம் இருக்கிறது. உன் அளவு எனக்கு மனப்பாடம், அதனால் தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சட்டை. வாழ்க்கையில் முதல் முறையாக லூஸே விடாமல் தைத்திருக்கிறேன். உடம்பு எவ்வளவோ அவ்வளவு. போட்டுப் பார், அளவு தெரிந்தே தப்பாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

சட்டை வந்தது. போட்டேன். தண்டனை என்று தெரிந்ததால் பட்டறைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் போட்டால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பொத்தான் நிற்கவில்லை. கையை மடக்கித் தேநீரை வாய்க்குக் கொண்டுவர முடியாமல் குனிந்து குடித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்கச் சிரித்தார்கள். யார் தைத்தது என்று கேட்டார்கள். சொன்னேன்.

சாயங்காலம் அவள் அதைக் கழற்ற உதவி செய்தாள், தனியாகக் கழற்ற முடியவில்லை. கழற்றி உள்பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்க பாருங்க. சாதாரணமா அரை அங்குலம்தான் உள்ளே மடிப்பாங்க. அண்ணி பக்கத்துக்கு ஒரு அங்குலம் சேர்த்து மடிச்சு வச்சிருக்காங்க. மொத்தம் ரெண்டு அங்குலம் உள்ளேயே இருக்கு. தையலைப் பிரிச்சா உங்களுக்குச் சரியாயிடும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். இருந்தது. ஒரு மணி நேரமாவது அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், அவள் வந்து விளக்கைப் போட்டாள்.

"பிரிக்கட்டுமா?" என்று கத்தரியை எடுத்தாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் உன் தையலில் யாரும் கைவைக்கக் கூடாது. அதனால்தான் கேட்டு எழுதுகிறேன். பிரிக்கலாமா?

ஆணி


ஆகஸ்ட் 8

ஆணிக்கு,

பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு வா. நானே பிரிக்கிறேன். ரம்பத்தையும் எடுத்து வா, அந்த எலி கடித்த விளிம்பை மட்டும் சீவிக் கொடு. அதற்குமேல் ஒன்றையும் தொடாதே.

அவளையும் கூட்டிக்கொண்டு வா. என் சமையல்கட்டில் ஓர் ஆள்தான் நிற்க முடியும், அது நான். நீங்கள் இரண்டு பேரும் அரைக்கதவுக்கு வெளியே நில்லுங்கள், தட்டை நீட்டுகிறேன். உப்பு போதாவிட்டால் கேளுங்கள், எடுத்துத் தருகிறேன்.

ஒன்பது மணி நேரம் பஸ். அதுவரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்.

அக்கா